கண்டேன் என்று சொல்வது

அரண்டவன் கண்ணுக்கு இருண்டதெல்லாம் பேய் என்று ஒரு பழமொழியைச் சொல்லிவிட்டு விஷயத்தை முடித்துக்கொள்வது நம்மில் படித்தவர்களுக்கு வழக்கம். பழமொழி பொய் அல்ல. ஆனால் அது கண்ணைப் பற்றித்தான் பேசுகிறது; வாயைப் பற்றிப் பேசவில்லை. இருட்டில் அரண்டவனுக்கும், மறுநாள் காலை டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து அதைப் பத்துப் பேருக்குச் சொல்கிறவனுக்கும் நடுவே ஒரு ராத்திரி கழிந்திருக்கிறது. அதற்குள் பயம் கதையாகிவிடுகிறது. எதை முதலில் சொல்வது, எதை விட்டுவிடுவது, எதற்கு எதை உவமை காட்டுவது என்ற காரியங்களெல்லாம் அவனை அறியாமலே நடந்து முடிந்துவிடுகின்றன. இவையெல்லாம் கதாசிரியன் செய்கிற காரியங்கள். ஆகவே மர்மப் பிராணிகளைக் கண்டதாகச் சொல்கிறவர்களின் பேச்சை விஞ்ஞானிக்கும் போலீசுக்கும் மட்டும் விட்டுவிடாமல், இலக்கிய விமர்சகனும் ஒரு தடவை படித்துப் பார்க்கலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

இப்படிப்பட்ட சாட்சியங்களை வரிசையாக வைத்துப் படித்தால் முதலில் கண்ணில் படுவது அவையடக்கம். “நான் பேய் பிசாசை நம்புகிறவன் அல்ல, குடிக்கிற பழக்கமும் கிடையாது” என்றுதான் அநேகமாக எல்லோரும் ஆரம்பிக்கிறார்கள். காவியம் பாடிய புலவர்கள் நூலைத் தொடங்குமுன் தம் அறியாமையைச் சொல்லிக்கொண்டார்கள். இவர்கள் தம் அவநம்பிக்கையைச் சொல்லிக்கொள்கிறார்கள். கேட்கிறவன் எழுப்பக்கூடிய ஆட்சேபத்தைத் தாமே எழுப்பி அடக்கிவிடுவதுதான் இரண்டிலும் நோக்கம்.

அடுத்தது கணக்கு. மணி இரண்டே கால், ஐந்தாவது மின்கம்பத்துக்கு அப்பால், நாலடி உயரம். பிராணி இன்னதென்று தெரியாதவருக்கு மணி மட்டும் நிமிஷம் பிசகாமல் தெரிந்திருக்கும். இதை ஏமாற்று வேலை என்று நினைக்க வேண்டியதில்லை. பெரிய விஷயம் கைக்கு அகப்படாதபோது மனிதன் சின்ன விஷயங்களைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்கிறான்.

மூன்றாவது உவமை. அதிலும் ஒரு தனி ரகமான உவமை: “நாய் மாதிரி இருந்தது; ஆனால் நாய் இல்லை.” சொன்னதை அடுத்த மூச்சிலேயே மறுத்துவிடுகிற உவமை இது. உவமை பிறக்கும் இடங்கள் நான்கு என்று தொல்காப்பியர் வகுத்திருக்கிறார்: வினை, பயன், மெய், உரு. அதாவது செய்கை, விளைவு, வடிவம், நிறம். சாட்சியங்களை இந்த நான்கில் போட்டுப் பிரித்துப் பார்த்தால் ஒரு வேடிக்கை தெரியும். வடிவமும் நிறமும் ஆளுக்கு ஆள் மாறிக்கொண்டே போகும். செய்கை மட்டும் அவ்வளவாக மாறாது. பாய்ந்தது, தாவியது, திரும்பிப் பார்ப்பதற்குள் காணோம். இருட்டில் கண்ணுக்கு அகப்படுவது அசைவு ஒன்றுதான். ஆகையால் இவர்கள் பேச்சில் செய்கையைப் பற்றிய பகுதி பெரும்பாலும் கண்டதாகவும், வடிவத்தைப் பற்றிய பகுதி பெரும்பாலும் பிறகு சேர்த்ததாகவும் இருக்கும் என்று ஊகிக்க இடமிருக்கிறது.

தமிழ் பேசுகிறவர்களுக்கு இதில் ஒரு சௌகரியமும் உண்டு. ‘வந்தது’ என்பதற்கும் ‘வந்ததாம்’ என்பதற்கும் உள்ள வித்தியாசம் சின்னக் குழந்தைக்கும் தெரியும். நேரில் கண்டதையும் பிறர் வாயால் கேட்டதையும் அந்த ஒரு ‘ஆம்’ பிரித்துக் காட்டிவிடுகிறது. கதை நாலு வாய் மாறும்போது அந்த ‘ஆம்’ தேய்ந்து உதிர்ந்துவிடும். “என் மச்சானுடைய சிநேகிதர் பார்த்தாராம்” என்று புறப்பட்ட செய்தி, சாயங்காலத்துக்குள் “பார்த்திருக்கிறார்கள்” என்று ஆகிவிடும். அது எந்த வாயில் உதிர்ந்தது என்று கண்டுபிடிப்பதுதான் விமர்சகனின் முதல் வேலை.

இதற்காக நாம் கடல் கடந்து போய்ப் பாடம் கேட்க வேண்டியதில்லை. மணிமேகலையில், வஞ்சி நகரத்தில் அவள் சமயவாதிகளைச் சந்திக்கிற காதையில், அளவைவாதி ஒருவன் அறிவுக்கு வழிகள் பத்து என்று எண்ணிச் சொல்கிறான். அவற்றில் ஒன்று ஐதிகம். உலகத்தார் சொல்வதைக் கொண்டு தெளிவது. அதற்கு அவன் காட்டும் உதாரணம், இந்த மரத்தில் பேய் இருக்கிறது என்பது! அறிவு பிசகும் வகைகள் எட்டையும் அவன் விடவில்லை. சிப்பியை வெள்ளி என்று கொள்வது திரியக் கோடல். அங்கே நிற்பது கட்டையா மனிதனா என்று தயங்குவது ஐயம். நிற்கிற கட்டையை ஆராயாமல் மனிதன் என்று முடிவு கட்டிவிடுவது தேராது தெளிதல்.

ஐயத்துக்கும் தேராத தெளிவுக்கும் ஒரே கட்டை உதாரணமாக வந்திருப்பதைக் கவனிக்க வேண்டும். கட்டை மாறவில்லை, வெளிச்சமும் மாறவில்லை, பார்க்கிறவனுடைய அவசரந்தான் மாறியிருக்கிறது. என் அபிப்பிராயத்தில், உண்மையான சாட்சி ஐயத்தில்தான் ஆரம்பிக்கிறான். ‘ஏதோ’ என்கிறான், ‘போல’ என்கிறான், ‘மனிதனோ என்னவோ’ என்கிறான். அந்த ‘ஓ’வையும் ‘ஏதோ’வையும் பொறுக்க மாட்டாதவர்கள் கேட்கிறவர்கள். “ஏதோ என்றால் என்ன? கரடியா? ஆளா? சரியாகச் சொல்லு” என்று நாலு பேர் நெருக்கினால் அவனும் ஒன்றைச் சொல்லித்தானே ஆக வேண்டும்? மர்மப் பிராணிக்கு உருவம் கொடுப்பதில் பாதிப் பங்கு கேட்பவர்களுடையது.

புனைகதை படிக்கிறவர்களுக்கு இது புரியாத விஷயம் அல்ல. புதுமைப்பித்தனின் ‘காஞ்சனை’யை ரசிக்காதவர்கள் நம்மில் குறைவு. வீட்டு வேலைக்கு வந்து சேர்ந்த பெண் யார், கதை சொல்கிறவர் கண்டது உண்மையா பிரமையா என்று கடைசிவரை தெரியாது. சொல்கிறவரே கதை எழுதுகிறவர். ராத்திரியில் தூக்கம் பிடிக்காதவர். சந்தேகப்படுவதற்கு வேண்டியதெல்லாம் ஆசிரியர் நம் கையிலேயே கொடுத்திருக்கிறார். முடிவு சொல்லாததைக் கலை என்று நாம் கொண்டாடுகிறோம். ஆனால் நம் வீட்டில் பாத்திரம் தேய்க்க வருகிற அம்மாள் “நேத்து ராத்திரி ஏரிக்கரையிலே ஏதோ நின்னுச்சும்மா” என்று சொன்னால், அதே ஐயத்தை மூடத்தனம் என்கிறோம். அச்சில் வந்தால் பொறுக்கிற மனசு, அடுப்பங்கரையில் வந்தால் பொறுப்பதில்லை.

2001 மே மாதம் டில்லியிலும் அதை அடுத்த காஜியாபாத்திலும் நடந்ததை இங்கே பார்க்கலாம். நல்ல கோடை, மின்சாரம் அடிக்கடி நின்றுபோகும், யமுனைக்குக் கிழக்கேயுள்ள நெருக்கமான குடியிருப்புகளில் ஜனங்கள் மொட்டை மாடியில் படுத்திருப்பார்கள். குரங்கு மனிதன் வந்து பிறாண்டிவிட்டுப் போகிறான் என்ற பேச்சு கிளம்பியது. நாளுக்கு நாள் வர்ணனை வளர்ந்தது. உடம்பெல்லாம் மயிர் என்றார்கள். இரும்பு நகம் என்றார்கள். தலையில் ஹெல்மெட், காலில் ஸ்பிரிங், மார்பில் பொத்தான்கள் என்றார்கள். உயரம் நாலடிக்கும் எட்டடிக்கும் நடுவே ஊசலாடியது. போலீசார் சாட்சிகளைக் கேட்டுப் படம் வரைந்து வெளியிட்டார்கள்; பிடித்துக் கொடுப்பவருக்கு 50,000 ரூபாய் பரிசு என்று அறிவித்தார்கள். வந்துவிட்டது என்ற கூச்சலில் மாடியிலிருந்து விழுந்து உயிரை விட்டவர்கள் உண்டு. சந்தேகத்தின் பேரில் வழிப்போக்கர்களைப் பிடித்து அடித்ததும் உண்டு. கடைசியில் நிபுணர்கள் விசாரித்து, அப்படி ஒரு பிராணி இருந்ததற்கு அத்தாட்சி இல்லை என்றார்கள். ஜனங்களின் பீதிதான் காரணம் என்று விஷயம் முடிக்கப்பட்டது.

ஆனால் அந்த ஹெல்மெட்டை நான் சுலபமாக விட்டுவிட மாட்டேன். ஹெல்மெட் என்றால் என்ன அர்த்தம்? முகம் தெரியவில்லை என்று அர்த்தம். ஸ்பிரிங் என்றால், எப்படிப் போனதென்று தெரியவில்லை என்று அர்த்தம். முகத்தைப் பார்க்கவில்லை என்ற யோக்கியமான வாக்கியம், படம் வரைகிறவர் எதிரே உட்கார்ந்ததும், முகத்தை மூடுகிற ஒரு பொருளாக மாறியிருக்கிறது என்று இதைப் படிக்கலாம். பரிசுத் தொகை அறிவித்த பிறகு “தெரியவில்லை” என்ற பதிலுக்கு மதிப்பேது? காட்டிலிருந்து வந்ததாகச் சொன்ன பிராணிக்குக் காட்டுச் சரக்கு ஒன்றுமே இல்லை என்பதையும் பார்க்க வேண்டும். ஹெல்மெட் மோட்டார் சைக்கிள்காரனுடையது. ஸ்பிரிங்கும் பொத்தானும் பட்டறைக்கும் சினிமாக் கொட்டகைக்கும் சொந்தம். உவமைகள் நகரத்துத் தொழிலாளியின் கைக்கு எட்டிய சாமான்களிலிருந்து வந்தவை. நமது முன்னோர் ஏரியிலும் சதுப்பிலும் தெரிந்த வெளிச்சத்தைக் கொள்ளிவாய்ப் பிசாசு என்றார்கள். அடுப்பில் கொள்ளி எரிந்த காலத்துச் சொல் அது.

நம் ஊர்ப் பத்திரிகைகளுக்கு இவ்வளவு வர்ணனைகூட வேண்டியதில்லை. ‘மர்ம விலங்கு கடித்து ஆடுகள் பலி’ என்ற தலைப்பை வருஷத்தில் பல தடவை படிக்கிறோம். இந்தச் செய்திகளில் பெரும்பாலும் கண்ட சாட்சியே கிடையாது. விடியற்காலையில் பட்டிக்குப் போனால் ஆடுகள் கழுத்தில் காயத்தோடு செத்துக் கிடக்கின்றன, அவ்வளவுதான். ‘எது கடித்ததோ தெரியவில்லை’ என்பதைத் தலைப்பு ‘மர்ம விலங்கு’ என்று பெயர்ச்சொல்லாக்கிவிடுகிறது. டில்லியில் முகம் தெரியாதது ஹெல்மெட்டாயிற்று. இங்கே தெரியாமையே ஒரு விலங்காயிற்று. ‘மர்ம நபர்’, ‘மர்மக் காய்ச்சல்’ எல்லாம் இதே பட்டறையில் செய்தவை.

ஆட்டுக்காரர் நிலையில் இருந்து பார்த்தால் இது சொல் விளையாட்டு அல்ல. காட்டு விலங்கு கொன்றதானால் வனத்துறையிடம் மனுக் கொடுக்கலாம். தெருநாய் என்றால் போக்கிடம் இல்லை என்பதுதான் வெகுகாலம் நிலைமை. காங்கயம், தாராபுரம் பக்கத்து விவசாயிகள் செத்த ஆடுகளுக்காகப் போராடிய பிறகே, 2025-இல், நாய் கடித்து இறக்கும் கால்நடைகளுக்கும் நிவாரணம் உண்டு என்று அரசு சொல்லிற்று. கடித்தது எது என்பதற்கு ஏற்றாற்போல் பணம் கிடைக்கும், கிடைக்காது என்று இருக்கும்போது, வாக்குமூலம் கேட்கிறவரின் முகத்தைப் பார்த்துத்தான் வளரும், அல்லது சுருங்கும். பொய் சொல்கிறார்கள் என்பதல்ல நான் சொல்வது. யாரிடம் சொல்லப்படுகிறது என்பதைச் சேர்த்துப் படிக்காமல் ஒரு சாட்சியத்தை எடைபோட முடியாது என்கிறேன்.

மறுபடியும் தொல்காப்பியரிடம் போக வேண்டியிருக்கிறது. மெய்ப்பாட்டியலில் அச்சத்துக்குக் காரணம் நான்கு என்கிறார்: அணங்கு, விலங்கு, கள்வர், இறை. தெய்வமோ பேயோ ஒன்று, கொடிய மிருகம் ஒன்று, திருடர் ஒன்று, தமக்கு மேலே அதிகாரம் செலுத்துகிறவர் ஒன்று. இந்த நான்கையும் ஒரே வரிசையில் உட்கார வைத்தாரே, அதில் எவ்வளவு உலக அனுபவம் இருக்கிறது! மர்மப் பிராணிகளின் கதைகளைப் படிக்கப் படிக்க, அவை இந்த நான்கில் ஒன்றில் நிற்காமல் ஒன்றிலிருந்து ஒன்றுக்குத் தாவுவதைக் காண்கிறேன். டில்லியில் விலங்காக வந்தது கள்வனைப் போல உடை தரித்துக்கொண்டது. நாலாவதான இறை மட்டும் அநேகமாக வெளிப்படையாகப் பேசப்படுவதில்லை. பேயைப் பற்றிப் பேசினால் பேய் கேஸ் போடாது. அதிகாரி விஷயம் அப்படி அல்ல.

2011 ஆகஸ்டில் இலங்கையில் இது துலக்கமாகத் தெரிந்தது. யுத்தம் முடிந்து இரண்டு வருஷந்தான் ஆகியிருந்தது. மலையகத்திலும் கிழக்கிலும் வடக்கிலும், உடம்பெல்லாம் கிரீஸ் பூசிய உருவங்கள் இரவில் வீடுகளுக்குள் புகுந்து பெண்களைத் தாக்குகின்றன என்ற செய்தி பரவியது. கிரீஸ் பூதம் என்றார்கள். பிறகு மர்ம மனிதன் என்றார்கள். இரண்டு பெயர்களையும் அடுத்தடுத்து வைத்துப் பாருங்கள். பூதம் அணங்கைச் சேர்ந்தது. மனிதன் கள்வரைச் சேர்ந்தவன். அங்கேயும் நிற்கவில்லை. துரத்திக்கொண்டு போனோம், படை முகாம் பக்கம் ஓடி மறைந்தது என்று பல ஊர்களில் ஜனங்கள் சொன்னார்கள். கதை இறைக்கு வந்து சேர்ந்துவிட்டது. அரசாங்கம் அதை மறுத்தது. எல்லாம் வதந்தி என்றது. கிண்ணியாவில் கடற்படை முகாம் அருகே கலவரம் மூண்டது. புத்தளத்தில் ஒரு போலீஸ்காரர் கூட்டத்தின் கையில் இறந்தார். யாழ்ப்பாணத்து நாவாந்துறையில் நூற்றுக்கு மேற்பட்டவர்கள் கைது செய்யப்பட்டார்கள்; பலர் அடிபட்டார்கள்.

அந்த கிரீஸையும் டில்லி ஹெல்மெட்டைப் போலவே படிக்கலாம். எட்டிப் பிடித்தோம், வழுக்கிவிட்டது என்பதுதான் கிரீஸ். யுத்தம் முடிந்தும் ராணுவம் வாசலில் நிற்கிற ஊர்களில், பிடிக்கவும் முடியாமல், பெயர் சொல்லவும் முடியாமல் இருக்கிற ஒன்றுக்கு இதைவிடப் பொருத்தமான அடைமொழி கிடைக்காது. உருவம் மெய்யாகவே வந்ததா, வந்தவர்கள் யார் என்று இங்கே உட்கார்ந்துகொண்டு நான் தீர்ப்புச் சொல்ல முடியாது. ஆனால் ‘வதந்தி’ என்ற சொல்லையும் ஒரு வாக்குமூலமாகவே கருதிப் படிக்க வேண்டும் என்பேன். பூதம் வந்தது என்றவர்களிடம் சாட்சி கேட்கிறோம். ஒன்றும் வரவில்லை என்றவர்களிடம் யார் சாட்சி கேட்டார்கள்? தேராமல் தெளிவது பயந்தவர்களுக்கு மட்டும் உரிய குறை அல்ல.

தொழிற்சாலைக்குள்ளேயும் பூதம் வந்ததுண்டு. மலேசியாவில் சுங்கை வே என்ற இடத்தில், அமெரிக்கருக்குச் சொந்தமான ஒரு பெரிய மின்னணுத் தொழிற்சாலையில், 1975-இல் நாற்பது மலாய்ப் பெண்களை ஆவி பிடித்துக்கொண்டது. 1978-இல் மறுபடியும் வந்தபோது சுமார் 120 பேர். எல்லோரும் மைக்ராஸ்கோப் பிரிவுகளில் வேலை செய்தவர்கள். தொழிற்சாலையை மூன்று நாள் மூடி, மந்திரவாதியை அழைத்து ஆடு பலி கொடுத்தார்கள். இதையெல்லாம் ஐவா ஓங் என்ற மானிடவியல் அறிஞர் 1980-களில் எழுதியிருக்கிறார். மைக்ராஸ்கோப்பின் கண்ணாடிக்குள்ளேயே உருவங்களைக் கண்டதாகப் பெண்கள் சொன்னார்களாம். ஷிப்டு முழுவதும் கண்ணை எடுக்காமல் கண்ணாடிக்குள் குனிந்திருக்கிறவளுக்குப் பூதம் வேறு எங்கே தோன்றும்? கிராமத்தில் மரத்தில் இருந்த பேய், தொழிற்சாலையில் லென்ஸுக்குள் குடியேறியது. நிர்வாகத்துக்கு மந்திரவாதியும் மயக்க மருந்தும் கிடைத்தன. அந்தப் பெண்கள் சொன்ன வாக்கியத்தை நின்று படித்தவர் ஒருவர்தான் போலிருக்கிறது.

இந்த மலேசியக் கதையைப் படிக்கும்போது எனக்கு வல்லம் வடகால் ஞாபகம் வராமல் இல்லை. மணிமேகலை அளவை நூல் கேட்டுத் தெளிந்த காஞ்சிக்கு வெகு தூரத்தில் இல்லாத ஊர். ஸ்ரீபெரும்புதூருக்கும் ஒரகடத்துக்கும் நடுவே, ஏரியும் வயலுமாக இருந்து சிப்காட் தொழிற்பேட்டையாக மாறிய பூமி. அங்கே 2024 ஆகஸ்டில், 706.50 கோடி ரூபாய் செலவில், 18,720 பெண் தொழிலாளர்கள் தங்குகிற விடுதி திறக்கப்பட்டது. தூரத்து மாவட்டங்களிலிருந்து வந்து, இரவு ஷிப்டு முடிந்து பஸ்ஸில் திரும்புகிற பெண்கள். அவர்களில் ஒருத்தி நாளைக்கு, “சுவரோரமாக ஏதோ நின்றது” என்று சொல்கிறாள் என்று வைத்துக்கொள்வோம். என்ன பதில் சொல்வோம்? தூக்கக் கலக்கம் என்று ஒரு பதில் தயாராக இருக்கிறது. பூசாரியைக் கூப்பிடு என்று இன்னொரு பதில். இரண்டும் அவள் வாக்கியத்தைக் கேட்காமலிருப்பதற்குக் கண்டுபிடித்த உபாயங்கள்.

இது வெறும் கற்பனை அல்ல. 2021 டிசம்பரில் இதே வட்டாரத்தில், கைப்பேசித் தொழிற்சாலையில் வேலை செய்த பெண்கள் தங்கியிருந்த ஒரு விடுதியில் உணவு நஞ்சாகி, பலர் ஆஸ்பத்திரிக்குப் போனார்கள். சிலர் இறந்துவிட்டார்கள் என்ற பேச்சு பரவியது. தோழிகள் கூட்டங்கூட்டமாகச் சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் உட்கார்ந்துவிட்டார்கள். யாரும் இறக்கவில்லை என்று அதிகாரிகள் சொன்னார்கள், அது உண்மை. ஆனால் சொன்னதை யாரும் நம்பவில்லை. பிறகு, சில தங்குமிடங்களும் சாப்பாட்டுக் கூடங்களும் வேண்டிய தரத்தில் இல்லை என்று அந்தத் தொழிற்சாலையில் சரக்கு வாங்குகிற கம்பெனியே ஒப்புக்கொண்டது. சாவு பொய், சோறு கெட்டது நிஜம். சோற்றைப் பற்றி முன்னமே சொல்லிக் கேட்க ஆளிருந்தால், சாவைப் பற்றிய பேச்சுக்கு அத்தனை வேகம் வந்திருக்குமா என்று யோசிக்க வேண்டும்.

மர்மப் பிராணிகளின் கதைகளெல்லாம் ஏதோ மறைமுகமான குறைகூறல்தான் என்று நான் சட்டம் போட வரவில்லை. சில சமயம் சிறுத்தை சிறுத்தைதான். அதற்கு வனத்துறை கூண்டு வைக்கத்தான் வேண்டும். எல்லாவற்றுக்கும் உள்ளர்த்தம் காண்கிற விமர்சகனும் கட்டையை மனிதன் என்கிறவனே. ஐயத்தை ஐயமாகவே கொஞ்ச நேரம் இருக்க விடலாம் என்பதுதான் என் கட்சி. எது கண்டது, எது கேட்டது, எது கேள்விக்குப் பயந்து சேர்த்தது என்று பிரிக்கலாம். அணங்கு, விலங்கு, கள்வர், இறை என்ற நான்கில் பேச்சு எங்கே தொடங்கி எங்கே தயங்குகிறது என்று பார்க்கலாம். கதைகளைப் பழகிப் படிக்கிறவர்களுக்கு இது கஷ்டமான வேலை அல்ல. கதாபாத்திரத்துக்குக் காட்டுகிற பொறுமையைப் பேசுகிற மனுஷிக்கும் காட்டினால் போதும்.

அங்கே நின்றது கட்டையா மனிதனா என்று பார்த்துவர ஒருவர் விளக்கை எடுத்துக்கொண்டு போகட்டும், அது அவசியம். பார்த்துவிட்டுத் திரும்புகிறவர், அந்த வழியில் அந்த நேரத்தில் நடந்தாக வேண்டியவளுக்கு முந்தின நாள்வரை அந்த விளக்கு ஏன் அங்கே இல்லை என்பதையும் விசாரித்துக்கொண்டு வரட்டும்.